கிரக தோஷமா, அளவுகோலா?

வெம்பக்கோட்டைப் பட்டாசுத் தொழிலாளி நெஞ்சடைத்து விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத கிரக தோஷமென்று சொல்லிப் பரிகாரப் பணம் பறிக்கிறார்களே! கண்ணுக்குத் தெரியாததை அறிவு அளக்கும் விதத்தைப் பாருங்கள். இரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு நொடிகளில் மறைந்து, நைட்ரைட்டும் நைட்ரேட்டும் ஆகிவிடுகிறது. 1879-ல் ஜெர்மானியரான கிரீஸ் கண்ட முறைப்படி மருந்து சேர்த்தால், நைட்ரைட்டு இளஞ்சிவப்பாகத் தோன்றும். நிறத்தின் அழுத்தமே அளவு. சில சொட்டு இரத்தநீரே போதும். நைட்ரேட்டையும் நைட்ரைட்டாக்கி இப்படியே அளக்கலாம். ஆனால் வெடியுப்பும் நைட்ரேட்டுத்தான். அதன் தூசு குப்பியில் கலந்தால் கணக்குப் பிசகும். ஆகவே ஆய்வாளர் வெறுந்தண்ணீரையும் அவ்வாறே சோதித்து, அந்தப் பிழையைக் கழிக்கிறார். தன் பிழையைத் தானே சோதிக்கும் யோக்கியதை எந்தச் சோசியனுக்காவது உண்டா? நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்; தொழிலாளிக்கு வைத்திய சோதனையை உரிமையாகக் கேளுங்கள்!