துணியின் மறுபுறம்

கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த மேலாடைகளும், பல நிறத் துண்டுகளை ஒட்டித் தைத்த பாவாடைகளும் பைகளும் இன்று இணைய அங்காடிகளில் மிகுதியாக விற்பனையாகின்றன. செஞ்சி போன்ற சிற்றூர்களில் வாழ்வோர்க்கு இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. முன்பெல்லாம் இத்தகைய ஆடைகளை வாங்கப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். இல்லையேல், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகளில் அயல்நாட்டுப் பயணிகள் அணிந்து வருவதைப் பார்த்து அமைய வேண்டும். இன்றோ கைப்பேசியில் படத்தைத் தொட்டால் நான்கைந்து நாள்களில் கூரியர்க்காரர் வாசலில் நிற்கிறார்.

இவ்வசதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இதனுள் மறைந்து கிடக்கும் ஒரு முரண்பாட்டைச் சுட்டுவதே நோக்கம். கைவேலைக்குச் சான்று அதன் ஒழுங்கின்மை. ஒரு புள்ளி சற்றுப் பெரிதாக இருக்கும். அடுத்தது சற்று விலகி நிற்கும். ஓரிடத்தில் சாயம் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். இந்தச் சான்றையே நாம் குறை என்று எண்ணி, 'படத்தில் உள்ளது போல் இல்லை' என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புகிறோம். இயந்திரம் அச்சிட்ட போலித் துணியோ படத்தில் உள்ளவாறே வந்து சேர்கிறது, மனநிறைவுடன் வைத்துக்கொள்கிறோம். கைவேலையை விரும்பித் தேடுகின்ற நாமே கைவேலையைத் தண்டிப்பவராகவும் ஆகிவிடுகிறோம்.

ஒட்டுப்போட்ட ஆடை விலையுயர்ந்த பொருளானது தமிழ் மரபை அறிந்தோர்க்கு ஒரு வியப்பாகவே இருக்கும். நம் இலக்கியத்தில் தைத்து ஒட்டிய உடை வறுமையின் அடையாளம். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்து சேரும் பொருநன் உடுத்தியிருப்பது பல இடங்களில் நூல் ஓட்டித் தைத்த கந்தை. சிதார் என்பது அதற்குப் பெயர். மன்னன் அதனை நீக்கி நுண்ணிய புத்தாடை உடுத்துகிறான். நமக்கு அண்டை நிலமாகிய ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனும் தன்னை நாடி வந்த பாணர்க்கு மெல்லிய அறுவை அளித்ததாகச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி; செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. கந்தையைக் களைந்து புத்தாடை தருவதே கொடை என்றிருந்த நாட்டில், இன்று கந்தையின் தோற்றத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

இதில் இழிவு ஏதுமில்லை. துணி, துண்டு, அறுவை என்னும் பெயர்கள் எல்லாம் வெட்டுதலைக் குறிக்கும் வினைகளிலிருந்தே பிறந்தவை. வெட்டியதைச் சேர்க்கும் கலைக்கும் நம்மிடம் மதிப்பு இருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துக் கைவினைஞரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் சேர்த்தே சொல்கிறது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி விற்றவர் கவிதையும் செய்தார். ஆகவே துணியைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பானதன்று.

அந்த மதுரையே முடிச்சுச் சாயத்துக்கும் ஊர். சுங்குடி என்று நாம் அறிந்த சேலை, நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர சமூகத்தாரின் கைவண்ணம். துணியை மடித்துப் புள்ளி விழ வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வர். பிறகு குறித்த இடத்தை விரல் நுனியால் கிள்ளியெடுத்து நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்களே இவ்வேலையைச் செய்வர். முடிக்கப் பல நாள்கள் பிடிக்கும். பின்னர் சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சை அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாகத் தெரியும். 2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஆனால் சுங்குடி என்ற பெயரில் சந்தையில் கிடைப்பவற்றில் முடிச்சு காணாதவை ஏராளம். மெழுகு அச்சு வைத்துச் சாயம் தோய்ப்பது ஒரு வகை. திரை அச்சில் புள்ளியை அப்படியே பதித்துவிடுவது இன்னொரு வகை. மெழுகு அச்சிலும் கைத்திறன் உண்டு. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாயில் ஒரு சேலை வேண்டுவோர்க்கு அச்சுச் சேலையும் நல்ல சேலையே. அச்சை அச்சு என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. முடிச்சு என்று சொல்லி அச்சை விற்கும்போதுதான் மதுரையில் முடிச்சிடும் பெண்ணின் கூலி பறிபோகிறது. பல நாள் உழைப்பின் விலையோடு சில நிமிட அச்சின் விலை போட்டியிட்டால் வெல்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. துணி கையில் இருந்தால் போதும். திருப்பிப் பார்க்க வேண்டும். முடிச்சிட்டுத் தோய்த்த துணியில் சாயம் இருபுறமும் ஏறியிருக்கும். புள்ளியும் இருபுறமும் தெளிவாக இருக்கும். மேலே அச்சிட்ட துணியின் மறுபுறம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். முடிச்சு அவிழ்த்த இடத்தில் சிறு மேடும் சுருக்கமும் தங்கியிருக்கும், தேய்த்தால் மறையும். குஜராத்தின் பாந்தனி வணிகர் சிலர் முடிச்சுகளை அவிழ்க்காமலேயே விற்பது இதனால்தான். வாங்குபவர் தம் கையால் இழுத்து அவிழ்த்தால் ஐயம் தீரும். இணையத்தில் வாங்குவோர்க்கு இல்லாதது இந்த ஒன்றே. அங்கே துணிக்கு முன்புறம் மட்டுமே உண்டு, மறுபுறம் இல்லை.

ஒட்டுத் தையலுக்கும் இது பொருந்தும். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தம் பாட்டிமார் அறிந்திருந்த தையற்கலையை மீட்டெடுத்து, 'பொர்கை' என்னும் பெயரில் கூட்டாக ஆடைகளும் பைகளும் செய்து விற்கின்றனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். மலையடிவாரத்தில் இருப்பவர்க்கு நகரத்து வாடிக்கையாளரைத் தேடித் தருவது இணையம்தான். எனவே இணைய வணிகமே கைவினைக்குப் பகை என்போர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அதே திரையில், துண்டுகளை ஒட்டியது போல் அச்சிட்ட ஒற்றைத் துணியும் 'ஒட்டு வேலை' என்ற பெயரில் பக்கத்திலேயே கிடக்கிறது. தையல் ஓடிய தடம் மறுபுறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை.

தொலைவிலிருந்து துணி வாங்குவது இக்காலத்துப் புதுமை என்று எண்ணுகிறோம். செஞ்சிக்காரர்கள் அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. 1690இல் இராஜாராம் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆண்டபோது, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் அவர்கள் நாடிய முதன்மையான சரக்கு துணியே. இலண்டனில் இருப்பவர் நெசவாளியைக் கண்டதில்லை. நெசவாளி இலண்டனைக் கண்டதில்லை. இடையில் நின்றவை மாதிரித் துணியும் முன்பணமும் தரகரும். நெய்து வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். ஒவ்வாதது விலை குறைக்கப்படும், அல்லது தள்ளப்படும். தள்ளிய துணியின் இழப்பு இறுதியில் தறிக்காரர் தலையிலேயே விழுந்தது.

இன்று மாதிரித் துணியின் இடத்தில் படம் இருக்கிறது. தரகரின் இடத்தில் அங்காடி இருக்கிறது. தரம் பிரிப்பவர் இடத்தில் நாம் இருக்கிறோம். 'திருப்பி அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்துவது நமக்கு எளிது. பெரிய ஆலைக்கு அது கணக்கில் வராத இழப்பு. மாதத்துக்குச் சில பத்துத் துணிகள் விற்கும் சிறு குழுவுக்கோ போகவர ஆகும் அஞ்சல் செலவும், கசங்கித் திரும்பிய துணியும், பல நாள் கூலியும் சேர்ந்த சுமை. அன்று கம்பெனியின் தரம்பிரிப்பவர் செய்ததைப் பாடநூலில் படித்து வருந்தும் நாம், இன்று அதே வேலையை வருத்தமின்றிச் செய்கிறோம்.

ஒழுங்கின்மையைப் பெருமையாக மாற்றிய வரலாறும் நம் சென்னைத் துணிக்கு உண்டு. 1958இல் சென்னையின் கைத்தறிக் கட்டத் துணி அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் ஆடையாக விற்பனைக்கு வந்தது. தனியாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்னும் குறிப்பு வாங்கியவர்களைச் சேரவில்லை. துவைத்ததும் சாயம் கரைந்து ஓடியது, வாங்கியவர்கள் சினந்தனர். ஆனால் வணிகர்கள் துணியைத் திருப்பி அனுப்பி நெசவாளியை முடக்கவில்லை. ஒவ்வொரு சலவையிலும் சாயம் கரைந்து புது நிறம் காட்டும் துணி என்று விளம்பரம் செய்தனர். 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்பதே அதன் புகழாயிற்று. துணி மாறவில்லை, துணியைப் பற்றிச் சொன்ன சொல் மட்டுமே மாறியது.

சொல்லை யார் காப்பது? சட்டம் ஓரளவு காக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றமாக்குகிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகள், பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைத் தெரிவிக்கச் சொல்கின்றன. 2006இல் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்று மட்டும் உறுதி கூறும். அதன் மேல் உள்ள புள்ளி முடிச்சால் வந்ததா, அச்சால் வந்ததா என்று கூறாது. 'இயற்கை' என்னும் சொல்லும் அப்படித்தான். கையால் முடிச்சிட்ட துணியை வேதிச் சாயத்தில் தோய்ப்பது இயல்பாக நடப்பது. நொய்யலாற்றின் மாசுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட வரலாற்றை அறிந்த நாம், சாயம் எது, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்காமல் இருப்பது முறையன்று.

அங்காடிகளும் சொல்லைக் காக்கும் என்று நம்பியிருக்க இயலாது. 2005இல் அமெரிக்காவில் தோன்றிய எட்சி, கைவினைக்கான சந்தை என்றே புகழ் பெற்றது. 2013இல், விற்பவர் வெளி உற்பத்தியாளரைக் கொண்டு பொருள் செய்துகொள்ளலாம் என்று அது விதியைத் தளர்த்தியது. சந்தை பெரிதாகும்போது 'கை' என்னும் சொல்லின் பொருள் சுருங்குகிறது.

ஆகவே இரு தரப்பாரிடமும் நாம் வேண்டுவது சில. விற்பவர்கள் துணியின் மறுபுறத்தையும் படமெடுத்து இடவேண்டும். புள்ளி முடிச்சா, மெழுகா, திரை அச்சா என்பதை ஒரே சொல்லில் எழுத வேண்டும். எந்த ஊரில் செய்தது, எத்தனை நாள் ஆயிற்று, எப்படி அலச வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் போதும். 'பாரம்பரியம்', 'கலைநயம்' என்று முப்பது வரி எழுத வேண்டியதில்லை. உண்மையான கைவினைஞர்க்கு இதனால் இழப்பில்லை.

வாங்குபவர்கள் குறையையும் ஏமாற்றையும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். வாங்குபவரும் எளியவரே, உழைத்த பணத்தை ஏமாந்து இழக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. முடிச்சு என்று கூறி அச்சை அனுப்பியிருந்தால் அது ஏமாற்று. தயங்காது திருப்பி அனுப்புக. பணம் தர மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுக. ஆனால் புள்ளி ஒரே அளவில் இல்லை, நிறம் படத்தைவிட அரை மாற்றுக் குறைவு, இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் தையல் சற்று வளைந்திருக்கிறது என்பவை ஏமாற்று அல்ல. நாம் விலை கொடுத்தது அவற்றுக்குத்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். கையால் ஒட்டிய துணியை அதன் வளைவோடு கட்டிக்கொள்வது நமக்கு அவ்வளவு கடினமா என்ன? கூரியர் கட்டைப் பிரித்ததும் முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே முடிச்சின் தடமும் தையலின் ஓட்டமும் தெரிந்தால், அத்துணியை வைத்துக்கொள்ளுங்கள்.