நாணயத்தின் நாணயம்

சென்ற மாதம் நமது காரியாலயத்திற்கு ஒரு பெரியவர் வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். 55 வயது நிறைந்து, சேமநிதிப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். கையில் வர்ணம் வர்ணமாக அச்சிட்ட ஒரு தாள். அதில் ஒரு கிரிப்டோ நாணயத்தின் பெயர். 5,000 வெள்ளி போட்டால் மாதம் 500 வெள்ளி வரும் என்ற வாக்குறுதி. கோட்டு அணிந்த ஒருவரின் படம். "தம்பி, இதில் போடலாமா, கூடாதா? பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். தாளைக் கொடுத்தவர் அன்னியர் அல்லர். அவருடைய சொந்த மைத்துனர்.

கேட்டாரே, அதற்காகவே அந்தப் பெரியவரை மனமாரப் பாராட்டுகிறோம். கொடுத்துவிட்டுப் பிறகு வருகிறவர்களையே நாம் அதிகமாகக் கண்டிருக்கிறோம்.

5,000 வெள்ளி என்பது, 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளப்படி, ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. 2024 மே மாதத்தில் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களுக்குச் சேமநிதி வாரியம் மூன்றாவது கணக்கு ஒன்றைத் திறந்தது. அதிலுள்ள பணத்தை எந்த நேரத்திலும் எடுக்கலாம். அவசரத்திற்கு உதவட்டும் என்று செய்த ஏற்பாடு அது. அப்படி ஒரு கணக்கு இருப்பது நாணயம் விற்கும் முகவர்களுக்கும் தெரியும்.

இந்த நாணயம் என்பது என்ன? பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் எழுதுகிற புத்தகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். புத்தகம் ஒன்று, அது அவர் கையில் மட்டும் இருக்கிறது. 2009-ல் நடைமுறைக்கு வந்த பிட்காயினில் அதே கணக்குப் புத்தகம் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தோடு முத்திரையிட்டுப் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் திருட்டுத்தனமாகத் திருத்தினால் மற்றப் பிரதிகள் காட்டிக் கொடுத்துவிடும். 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாகாது என்பது அதன் விதி. அதைப் படைத்தவர் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-ல் 9 பக்க விளக்கத்தாள் ஒன்றை வெளியிட்டார். ஆள் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனால் புத்தகம் திறந்து கிடக்கிறது, யாரும் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்கோயின். 2014-ல் அதைத் தொடங்கிய ருஜா இக்னாத்தோவா என்ற பெண்மணி ஊரறிந்தவர். ஜெர்மனியில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பட்டம் மெய், நாணயம் பொய். பிறர் பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகமே அதற்கு இல்லை. கம்பெனிக்காரர்கள் தங்கள் கணினியில் என்ன விலை தட்டினார்களோ அதுவே விலை. ஆளைச் சேர்த்தால் கமிஷன் என்று சொல்லி, அண்ணன் தம்பியையும் மாமன் மச்சானையும் கொண்டே விற்றார்கள். 400 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டது. 2017 அக்டோபரில் அந்த அம்மையார் சோபியா நகரிலிருந்து விமானமேறி ஏதென்சுக்குப் போனார். அதன் பிறகு மறைந்தே போனார். அவருடைய கூட்டாளி கார்ல் கிரீன்வுட் 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஆகவே பெரியவரின் தாளை வைத்துக் கொண்டு நாம் முதலில் தேடியது, அந்த நாணயத்தின் கணக்கு எங்கே திறந்திருக்கிறது என்பதைத்தான். எங்கும் இல்லை. படத்தில் சிரித்துக் கொண்டிருந்த கோட்டுக்காரரைத் தேடினோம். அது விளம்பரக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் படங்களில் ஒன்று! விளக்கத்தாள் மட்டும் இருந்தது, முப்பது பக்கம். நமது காரியாலயக் கிராணி அதை இரண்டு முறை படித்தார். மாதம் 500 வெள்ளி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்பதைச் சொல்ல அதில் ஒரு வரி கூடக் கிடையாது.

இந்தக் கேள்வியைத்தான் நம் தோழர்கள் விடாமல் கேட்க வேண்டும். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது. நமது சேமநிதி 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. மீதி எங்கிருந்து முளைக்கிறது? புதிதாகச் சேருகிறவர் கட்டுவதை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தால் சில மாதம் ஒழுங்காகவே வரும். அந்தச் சில மாதத்தைக் காட்டித்தான் அடுத்த லயத்தில் ஆள் பிடிக்கிறார்கள்.

ஆளும் முகவரியும் திறந்த புத்தகமும் இருந்தால் போதுமா? போதாது. டெர்ரா, லூனா என்ற நாணயங்களுக்கு எல்லாம் இருந்தன. கம்பெனி சிங்கப்பூரில் பதிவானது. டெர்ரா எப்பொழுதும் ஒரு டாலராகவே நிற்கும் என்றார்கள். ஆனால் அதைத் தாங்கியது பெட்டியில் பூட்டிய டாலர் அல்ல. அவர்களே உண்டாக்கிய லூனாதான். டெர்ராவைப் போட்டு வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டி. கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. குறையை நடத்தியவர்களே நிரப்பி வந்தார்கள். அது இரகசியமும் அல்ல, கணக்கைப் பார்த்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள், 80 டாலர் அளவில் விற்ற லூனா ஒரு காசுக்கும் கீழே போயிற்று. சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்தது.

மோசடி இல்லாத பிட்காயினே கூட 2021 நவம்பரில் 69,000 டாலரை எட்டி, ஓராண்டில் 16,000-க்கும் கீழே இறங்கி, 2025 அக்டோபரில் 120,000-ஐத் தாண்டியது. கொரியா யுத்தத்தில் 1951-ல் ரப்பர் விலை ஏறியதையும் பிறகு விழுந்ததையும் நம் முன்னோர் பார்த்தார்கள். விலை விழுந்தாலும் மரம் நின்றது; மறுநாள் பால் கொடுத்தது. இங்கே மரம் இல்லை. பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தை இந்த ஏற்ற இறக்கத்தில் விடுவது தகாது என்பது நமது அபிப்பிராயம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 முதல் இந்நாட்டில் கிரிப்டோ வியாபாரம், சுருஹான்ஜாயா செக்குரித்தி எனப்படும் பத்திர ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. பதிவு பெற்ற விற்பனைத் தலங்களின் பட்டியலையும், எச்சரிக்கைப் பட்டியலையும் அது வெளியிடுகிறது. பேங்க் நெகாராவுக்கும் தனி எச்சரிக்கைப் பட்டியல் உண்டு. பெரியவரின் தாளிலிருந்த கம்பெனி பதிவுப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்திருந்தாலும், லாபத்திற்கு அரசாங்கம் ஜாமீன் என்று ஆகிவிடாது.

1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நமது தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கெடுத்தார்கள். துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்குவதற்காக அது. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பதில் இருந்தது. போய்ப் பார்க்கவும் முடிந்தது. அந்த வழக்கத்தை இப்பொழுது கைவிடுவானேன்?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். பால்வெட்டுத் தோழர் ஒருவர் இத்தகைய தாளோடு வந்தால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். கமிஷனுக்காக நீங்களே முகவராகி விடாதீர்கள். உங்கள் பேச்சை நம்பித்தான் லயத்தில் பணம் கைமாறுகிறது. பணத்தை அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால், ஒரு மணி நேரமும் தாமதியாமல் 997 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்கச் செய்யுங்கள்.

பெரியவர் தம் பணத்தைப் போடவில்லை. மைத்துனர் தம்முடைய 8,000 வெள்ளியை முன்பே போட்டுவிட்டார் என்பதை அன்றுதான் அறிந்தோம். அவரையும் வரச் சொல்லியிருக்கிறோம். ரசீதுகளையும், தொலைபேசியிலுள்ள செய்திகளை அழிக்காமலும், கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.