வண்டி வந்தது, கம்பி வந்ததா?

சென்ற திங்கள் ஞாயிற்றுக்கிழமையொன்றில் தாராவியிலுள்ள நம் தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வாயிற்படியில் கால் வைக்க இடமில்லை. வெள்ளை வெளேரென்று புத்தம் புதிய ஸ்கூட்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தமக்கையின் மூத்த மகன் தவணையில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர் அது. உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவனுக்கு.

"பெட்ரோல் போட்டு மாளவில்லை மாமா. இனி அந்தக் கவலை இல்லை" என்றான் மகிழ்ச்சியோடு.

நாமும் மகிழ்ந்தோம். ஆனால் நம் கண் வண்டியிலிருந்து புறப்பட்ட கம்பியின் வழியே சென்றது. அது வாசலைத் தாண்டி, அடுப்பு மேடையின் ஓரமாக வளைந்து, மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவான ஒரே பிளக்கில் போய் முடிந்தது. இடையில் ஓரிடத்தில் ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. இரவு முழுதும் அவ்வாறே மின்னேறுமாம். அந்தக் கம்பிக்கு ஒரு முழத் தொலைவில்தான் தமக்கையார் படுத்துறங்குகிறார். மேலே பரணில் பிள்ளைகள் மூவர். அவர்கள் இறங்கிவர இருக்கும் ஒரே வழியில் வண்டி நிற்கிறது.

இந்தத் திங்கள் இதைப்பற்றியே அன்பர்களோடு பேசலாமென்று எண்ணுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மின்வண்டி வேண்டாம் என்பது நம் கட்சியன்று. கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் சுற்றும் பையனுக்குப் பெட்ரோல் ஸ்கூட்டரில் இரண்டேகால் லிட்டராவது செலவாகும். மும்பையில் பெட்ரோல் விலை நூறு ரூபாயைத் தாண்டி ஆண்டுகள் பல ஆயின. நூறு என்றே வைத்தாலும் இருநூற்றிருபத்தைந்து ரூபாய். மின்சார ஸ்கூட்டருக்கு அதே தொலைவுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் போதும். யூனிட் பத்து ரூபாய் என்று கூடுதலாகவே வைத்தாலும் நாற்பது ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் ஓடினால் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். வாடகை கொடுக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையா?

இந்த மிச்சத்துக்குக் காரணமும் எளியதே. பெட்ரோல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேரும். எஞ்சியது சூடாகவும் புகையாகவும் போகும். மின் மோட்டாரிலோ பெரும்பங்கு சக்கரத்துக்கே போய்ச் சேர்கிறது.

"புகை முழுதும் ஒழிந்துவிடுமா?" என்று செம்பூர் அன்பர்கள் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் பக்கத்திலுள்ள மாகுல், டிராம்பே பகுதியில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு எழுந்தன. அங்கேயே பல்லாண்டுகளாக நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கிவந்த அனல்மின் நிலையமும் இருக்கிறது. பெட்ரோலும் மின்சாரமும் ஒரே ஊர்க்காரர்களின் மூச்சைத் தொட்டே நகருக்கு வந்தன. மாகுல் சூழலின் காற்று அங்கு வாழ்வோருக்குக் கேடு பயக்கிறதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2015இல் கூறியது. ஆகவே மின்வண்டியால் புகை தெருவை விட்டுப் போகிறது என்பது உண்மை. உலகை விட்டே போய்விட்டது என்பது முழு உண்மையன்று. காற்றாலையும் கதிரவன் ஒளியும் நீர்வீழ்ச்சியும் மின்சாரம் தரும் அளவுக்குத்தான் அதுவும் குறையும். எனினும் பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் தெருவில் புகை குறைவது எளிய நன்மையன்று.

இந்த மாற்றம் நம் நகருக்குப் புதியதும் அன்று. பம்பாயில் 1874இல் குதிரை இழுத்த டிராம் வண்டி 1907இல் மின்சாரத்துக்கு மாறியது. 1964 மார்ச் 31ஆம் நாளோடு அது நின்றது. 1962இல் மேற்கம்பியைத் தொட்டு ஓடிய டிராலி பஸ்களும் வந்தன. 1971இல் அவையும் போயின. மின்சாரத்தை விட்டு எண்ணெய்க்குச் சென்றோம். இப்பொழுது எண்ணெயை விட்டு மின்சாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். 2017இல் பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் மின்சார மாடிப் பஸ் ஓடலாயிற்று. சென்னையில் வேரூன்றிய அசோக் லேலண்டு நிறுவனத்தின் கிளை செய்தது அது. அதே ஆண்டு செப்டம்பரில் டீசல் மாடிப் பஸ் விடைபெற்றது. அக்டோபரில், குர்லா ஆலையில் பிறந்து நம்மவர் பலருக்குச் சோறு போட்ட பத்மினி டாக்ஸியும் இருபதாண்டு வயது வரம்பு முடிந்து சாலையை விட்டு நீங்கியது.

இவை எல்லாவற்றிலும் நமக்குப் பாடமாவது ரயில்தான். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் ரயிலின் பெருமையைத்தானே பேசுவான் என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் கேளுங்கள்.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், அந்நாளைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் புறப்பட்டது. அந்த நிகழ்ச்சிக்கு நூறாண்டு நிறைந்துவிட்டது. அன்று ஜி.ஐ.பி. ரயில்வேயார் ரயில் பெட்டிகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, "மின்சாரம் எங்கே கிடைக்கிறதோ அங்கே செருகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. கம்பங்கள் நட்டார்கள். 1500 வோல்ட் மேற்கம்பி இழுத்தார்கள். துணை மின்நிலையங்கள் கட்டினார்கள். 1929இல் தாக்குர்லியில் தங்களுக்கென்றே ஒரு மின்நிலையத்தையும் நிறுவினார்கள். கம்பியைக் காப்பதற்கென்று தனியாக ஆட்களைப் பழக்கினார்கள். மின்சாரத்தை நிறுத்தியதற்குச் சான்று கையில் வாராமல் எவரும் கம்பியருகே ஏறலாகாது என்னும் விதி இன்றளவும் எங்கள் துறையில் வேதவாக்கு. அந்த 1500 வோல்ட்டைப் படிப்படியாக 25,000 வோல்ட்டாக மாற்றும் வேலை மும்பைப் புறநகர்ப் பாதைகளில் 2016இல்தான் நிறைவுற்றது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோரைச் சுமக்கும் பாதைகளில், ரயிலை நிறுத்திவிடாமலே அதைச் செய்து முடித்தார்கள்.

அதாவது, அவர்கள் முதலில் கம்பியைக் கொண்டுவந்தார்கள். பிறகு வண்டியைக் கொண்டுவந்தார்கள். நாமோ வண்டியைக் கொண்டுவந்துவிட்டு, கம்பியைப் பற்றி எண்ணாதிருக்கிறோம்.

இது வீண் அச்சமன்று. 2022 மார்ச்சு மாத இறுதியில் நம் வேலூரில் நடந்ததை அன்பர்கள் சிலர் மறந்திருக்கலாம். வீட்டில் இரவு மின்னேற்றத்தில் இருந்த புது மின்வண்டி தீப்பற்றியது. புகை சூழ்ந்து, ஒரு தந்தையும் பள்ளி செல்லும் அவர் மகளும் மூச்சடைத்து மாண்டனர். அந்த ஆண்டில் நாட்டின் வேறிடங்களிலும் மின்வண்டிகள் தீப்பற்றின. அதன்பின் நடுவண் அரசு மின்கலத்துக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே இப்பொழுது வரும் வண்டிகள் முன்னவற்றினும் மேலானவை. ஆனால் அரசு திருத்தியது வண்டியை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் கம்பியை அன்று.

ஸ்கூட்டர் மின்னேறும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கும்? துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்றை ஐந்தாறு மணி நேரம் இடைவிடாமல் போட்டு வைப்பதற்கு அது ஒப்பாகும். மின்விசிறிக்கென்று போட்ட மெல்லிய கம்பி அதைத் தாங்குமா? நம்மிடையே கோலி என்று வழங்கும் ஒற்றையறை வீடுகளில் எர்த் கம்பி என்பதே பலவற்றில் இல்லை. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மூன்று வீடுகளுக்குக் கிளை போவதும் உண்டு. லித்தியம் மின்கலம் ஒருமுறை தன்னுள்ளே கொதிக்கத் தொடங்கிவிட்டால் வாளித் தண்ணீரில் அடங்குவதில்லை. அணைந்ததுபோலிருந்து மீண்டும் பற்றும். புகையும் நச்சுப் புகை. பத்தடி அகலமுள்ள வீட்டில், வாசலை அடைத்து நிற்கும் வண்டியிலே அது நேர்ந்தால் உள்ளிருப்பவர் எவ்வழியே வெளியேறுவர்?

இதைத்தான் மருமகனிடம் கேட்டோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "வெளியே நிறுத்தினால் களவு போகும். வேறு எங்கே போவேன் மாமா?" என்றான்.

நேர்மையான கேள்வி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடி வீட்டில் வாழும் அன்பருக்குக் கீழே நிறுத்துமிடம் உண்டு. சங்கக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசி ஒரு மின்னேற்றப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். வண்டியால் வயிறு வளர்க்கும் பையனுக்கோ அந்த இடமில்லை. யாருக்கு இந்த மிச்சம் மிகவும் தேவையோ, அவருக்கே செருகுமிடம் இல்லை.

அப்பொழுது அடுத்த சந்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் வந்து சேர்ந்தார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து முப்பதாண்டுக்கு மேலாகத் தொழில் நடத்துபவர். அவருக்கு வேறொரு கவலை. "கார்ப்பரேட்டர் இல்லை, பிளக் இல்லை, ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. இந்த வண்டிகள் பெருகினால் என் கடைக்கு யார் வருவார்?" என்றார்.

பிரேக்கும் டயரும் பேரிங்கும் எந்த வண்டிக்கும் தேயும். மின்வேலையும் கற்றுக்கொண்டால் தொழில் நிற்கும் என்றோம். புதிய வண்டிக்குப் புதிய பயிற்சி வேண்டுமென்பதை நம் நகரம் கொடுமையாகவே உணர்ந்தது. 2024 டிசம்பர் 9ஆம் நாள் இரவு குர்லாவில் மின்சாரப் பஸ் ஒன்று கட்டுக்கடங்காது பாய்ந்து பலர் உயிரிழந்தபோது, புதுவகை வண்டியை ஓட்டுவதற்குப் போதிய பயிற்சி தரப்பட்டதா என்பதே பெரிய கேள்வியாக எழுந்தது. ஓட்டுபவர்க்கும் பழுது பார்ப்பவர்க்கும் பயிற்சி வேண்டும். நம் பிள்ளைகள் இதைக் கற்றால் பிழைப்புக்கு வழியும் உண்டு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின் ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் மின்சாரக் கார் ஆலையே திறக்கப்பட்டது. வேலை தேடி நம் பாட்டனார் ரயிலேறிய சீமைக்கு இன்று வேலை வந்திருக்கிறது.

பேச்சு வளர்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. அண்ணாச்சியின் கடைக்குத் தனி மீட்டர் உண்டு. வாசலும் தெருப்பக்கம் திறந்தது. எண்ணெயும் கந்தல் துணியும் இல்லாதபடி ஒரு பக்கச் சுவரை ஒழித்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தோடு கூடிய தடித்த கம்பி போட்டு, நாலு வண்டிகளுக்குக் கட்டணத்துக்கு மின்னேற்றம் செய்யலாம் என்பது அவர் எண்ணம். மின்சுமையைக் கூட்டித் தருமாறு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. அதுவரை வண்டிக்குப் பகலில், வீட்டார் விழித்திருக்கும் வேளையில், வாசலுக்கு வெளியே வைத்தே மின்னேற்றுவதென்றும், ஒட்டுப்போட்ட கம்பியை எறிந்துவிடுவதென்றும் மருமகன் ஒப்புக்கொண்டான். பகலில் இரண்டு மணி நேர வேலை கெடுமே என்று முகம் வாடியதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

மின்வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் வாங்க எண்ணும் அன்பர்களுக்கும் நம் வேண்டுகோள் இவை. உறங்கும் அறையிலும் வெளியேறும் வழியிலும் மின்னேற்றாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரையன்றி வேறொன்றைப் பயன்படுத்தாதீர்கள். மழைநீரில் மூழ்கிய வண்டியை அன்றே செருகாதீர்கள். சோதிக்கச் செய்த பின் செருகுங்கள். வீட்டில் இடமே இல்லையெனில், தீர்ந்த மின்கலத்தைக் கொடுத்து நிறைந்ததைப் பெறும் நிலையத்தோடு இணைந்த வண்டியை விசாரித்து வாங்குங்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாகாது. இலட்ச ரூபாய் வண்டிக்குச் சில ஆயிரம் செலவிட்டு நல்ல கம்பி போடுங்கள்.

இன்னும் ஒன்று. தாராவியைத் திருத்தியமைக்கும் வேலை நடைபெறும் காலம் இது. எத்தனை சதுர அடி என்று கேட்கிறோம். எந்த மாடி என்று கேட்கிறோம். கட்டடத்தின் கீழே எத்தனை வண்டிக்கு மின்னேற்ற இடம் என்று இதுவரை யாரேனும் கேட்டோமா? சுவர் எழும்பிய பின் கேட்டுப் பயனில்லை. கூட்டங்களில் இந்தக் கேள்வியையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நம் சங்கத்தாரை வேண்டிக்கொள்கிறோம்.

நூறாண்டுக்கு முன் குர்லா வரையில் கம்பி இழுத்தவர்கள் நமக்காகவும் இழுத்தார்கள். அந்தக் கம்பியின் கீழே இன்று ஏழையும் செல்வரும் செல்கிறோம். அடுத்த கம்பியும் அவ்வாறே எல்லார்க்கும் பொதுவாக வரவேண்டுமானால், கேட்கவேண்டியவர்கள் நாமே.