தமிழ் வாசிக்கச் சொல்கிறீர்கள், வாசிக்க விடுகிறீர்களா?

"வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் தமிழ் வாசிப்பதில்லை." எந்தத் தமிழ் விழாவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. சரி, வாசிப்போம் என்று ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைப் போனில் திறந்தால் என்ன நடக்கிறது? முதலில் வெள்ளைத் திரை. பிறகு "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்ற பெட்டி. அதை மூடினால் தானாக ஓடும் வீடியோ. கடைசியில் செய்தி வருகிறது. இரண்டு வரி வாசிப்பதற்குள் மேலே ஒரு விளம்பரம் வந்து விழ, வாசித்த வரி கீழே ஓடிவிடுகிறது.

இதில் அதிகம் அடிபடுவது நாங்கள்தான். அம்மா அப்பா ஒரே பார்வையில் விட்ட இடத்தைப் பிடித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற எங்களுக்கு வரி நழுவினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் முறை நழுவும்போது அதே செய்தியை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ தேடிப் போய்விடுகிறோம். பிறகு மேடையில் திட்டு எங்களுக்கு!

"விளம்பரம் இல்லாமல் தளத்தை எப்படி நடத்துவது?" என்று கேட்பார்கள். விளம்பரம் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்குரிய இடத்தை முதலே ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். படத்துக்கும் விளம்பரப் பெட்டிக்கும் அகலம், உயரம் இவ்வளவு என்று நிரலில் எழுதிவிட்டால் பக்கம் குதிக்காது. இந்தக் குதிப்பைக் கூகிள் ஓர் எண்ணாகவே அளக்கிறது. அது 0.1-ஐத் தாண்டக் கூடாது, பக்கத்தின் முக்கிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

"தமிழ் எழுத்துக்கு இடம் கூட" என்பது இன்னொரு சாட்டு. ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், உண்மைதான். அப்படியிருந்தும் 500 சொல் கட்டுரை ஏறத்தாழ 15 கிலோபைட்தான். போனில் எடுத்துச் சுருக்காமல் ஏற்றிய ஒரு படம் 3 மெகாபைட் என்றால், அது 200 கட்டுரைகளின் எடை. குற்றம் தமிழில் இல்லை.

பெரிய பத்திரிகைகளும் திறமில்லை. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, யூ.எஸ்.ஏ. டுடே ஐரோப்பிய வாசகர்களுக்கு மட்டும் உளவு நிரல்களும் விளம்பரங்களும் இல்லாத பதிப்பைக் கொடுத்தது. ஒரு மென்பொருளாளர் அளந்து பார்த்தார். 5.2 மெகாபைட் பக்கம் 500 கிலோபைட்டாகியிருந்தது. 45 செக்கனுக்கு மேல் எடுத்தது 3 செக்கனில் வந்தது. வேகமாகக் கொடுக்க அவர்களுக்கு எப்போதும் முடிந்தே இருந்தது. சட்டம் கழுத்தைப் பிடிக்கும்வரை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தளங்களைப் பிடித்து உலுக்க எந்தச் சட்டமும் வராது. நாங்கள்தான் கேட்க வேண்டும். குரோமில் லைட்ஹவுஸ் என்ற கருவி இலவசமாக இருக்கிறது. நீங்கள் வாசிக்க நினைத்துக் கைவிட்ட தளத்தை அதில் சோதித்து, வந்த புள்ளியை ஆசிரியருக்கு அனுப்புங்கள். நாளைக்குக் கோயிலுக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ தளம் செய்து தரச் சொல்லி உங்களிடமே வருவார்கள். அப்போது ஓடும் படங்களையும் ஐந்து வகை எழுத்துருவையும் வெட்டி எறியுங்கள். பழைய போனில், மெதுவான இணைப்பில் திறந்து பார்த்த பிறகே கையளியுங்கள்.

எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு பிள்ளை, கடைசி வரிவரை தடங்கல் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்துவிட்டு மேடை ஏறுங்கள், கேட்கிறோம்.