மூடுபனியும் மணி ஐயரும்

கோடைக்கானலில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய ரிகார்டு பிளேயரை விற்றுவிடத் தீர்மானித்தார். மதுரை மணி ஐயரின் இசைத்தட்டை வைத்தால், ஸ்வரங்களுக்கு நடுவே கடுகு வெடிக்கும் சப்தம் கேட்டதாம்! வலப்பக்கத்து ஒலிபெருக்கியோ அடிக்கடி மௌன விரதம் பூண்டது.

குற்றம் பெட்டியில் இல்லை. பெட்டியையும் அம்ப்ளிபயரையும் இணைக்கும் கம்பியின் பிளக்கில் இருந்தது. 7,000 அடி உயரத்தில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து, குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரமாய்ப் படிகிறது. செம்பும் பித்தளையும் களிம்பேறுகின்றன. வெள்ளிப் பூச்சைக் காற்றிலுள்ள கந்தக வாயு கறுக்கச் செய்கிறது. தங்கப் பூச்சு களிம்பேறாதுதான். ஆனால் பிசுக்கு அதையும் விடுவதில்லை. இசைத்தட்டின் முள்ளிலிருந்து வரும் மின்சாரமோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. அதற்கு இந்த மெல்லிய படலமே பெரிய மதிற்சுவர்.

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். பிளக்கை ஐந்தாறு தடவை திருகிக் கழற்றிச் செருகினாலே பெரும்பகுதி அழுக்கு உரசிப் போய்விடும். மிச்சத்தை ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே செருகலாம். உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகலாகாது. பூச்சு தேய்ந்தால் பிளக்கும் போயிற்று. தேங்காயெண்ணெய் தடவும் புத்திசாலிகளும் உண்டு. தூசிக்கு அது கல்யாண விருந்து!

ஒன்று சொல்லவேண்டும். ஏற்கெனவே சுத்தமாயிருக்கும் இணைப்பைத் துடைத்தால் பாட்டு இன்னும் இனிக்கும் என்பது வெறும் பிரமை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சீமைக் கம்பியைப் பற்றியும் அடியேனுடைய அபிப்பிராயம் அதுவே.

நண்பர் இப்போது மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பிளக்குகளைத் திருகிவிடுகிறார். பிளேயர் விற்பனைக்கு இல்லையாம்.