கடலில் விதைக்குமுன்



சின்னாட்களுக்கு முன் பழவேற்காட்டு மீனவ இளைஞர் ஒருவர் மனைவியுடன் என்னைக் காண வந்தார். "சாமி, கடற்பாசி வளர்த்தால் நல்ல வருமானம் என்கிறார்கள். இவள் நகையை அடகு வைத்து, ஏரியில் பாசி போடலாமா?" என வினவினார். அப்பெண்மணி ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைப் பற்றியவாறு நின்றார். அவர்கட்குச் சொன்னதை உங்கட்கும் சொல்கிறேன்.

இவர்கள் கேள்வியுற்றது கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுச் செம்பாசி. அதிலிருந்து எடுக்கும் கேரஜீனன் என்ற பசைப்பொருள் ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றில் சேர்கிறது. அதன் சாறு பயிருக்கு ஊட்டமாகிறது. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் இதனை வளர்க்கும் முறையை வகுத்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் ஈடுபடவே, மக்கள் இதனைப் 'பெப்சி பாசி' என்றே அழைக்கலாயினர். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும். கரையோரப் பெண்கள் பலர் இதனால் பொருளீட்டினர்.

நிற்க. அதே பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பவளப்பாறை மீன்குஞ்சுகளின் தொட்டிலன்றோ! அது மடிந்தால் மீனவர் வலையும் வெறுமையாகும். பின்னர் 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாசியே பெருமளவில் அழிந்தது. ஒரே வித்தை நம்பியோர் தவித்தனர். எனவேதான், 2023-இல் இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் அடிக்கல் நாட்டப்பெற்ற கடற்பாசிப் பூங்காவில், நல்வித்தும் ஆய்வும் முதலிடம் பெறுதல் வேண்டும்.

இனி நம் ஏரிக்கு வருவோம். ஆரணியாறு வந்து கலக்கும் பழவேற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரின் உப்பு வெகுவாகக் குறையும். கடலுப்பிலேயே வாழும் அப்பாசி நன்னீர் பெருகினால் அழுகிவிடும்; அடகு வைத்த நகையும் மூழ்கிவிடும். ஆனால் உவர்நீருக்கேற்ற உயிர்கள் உள. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இலேயே கொடுவா மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டது. அங்குச் சென்று கேளுங்கள், நீரைச் சோதியுங்கள், ஏரி பறவைச் சரணாலயமாதலின் வனத்துறையின் இசைவையும் பெறுங்கள், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து சிறிதாகத் தொடங்குங்கள் என்றேன்.

கடல் எல்லோர்க்கும் பொதுவான வயல். ஒருவர் இடும் வித்து ஊரார் வலையைக் கெடுக்குமாயின், அது தொழிலன்று. நிலத்தை அறிந்து விதைப்பான் உழவன். நீரை அறிந்து விதைத்தல் நம் கடன்.

சங்கிலி இன்னும் அப்பெண்மணியின் கழுத்தில்தான் இருக்கிறது.