வாயு என்று சொல்வதற்கு முன் ஓர் இசிஜி

1955 செப்டம்பர் 23. டென்வர் நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அன்று கோல்ஃப் விளையாடினார். மதியம் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டார். பிற்பகலில் வயிறு சரியில்லை. வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். பின்னிரவு இரண்டரை மணி அளவில் நெஞ்சுவலி அவரை எழுப்பிவிட்டது. அவருடைய மருத்துவர் ஹோவர்ட் ஸ்னைடர் விரைந்து வந்து பார்த்தார். ஆனாலும் காலையில் செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டது செரிமானக் கோளாறு என்பதுதான். பிற்பகலில் இசிஜி எடுத்த பிறகே மாரடைப்பு என்று உறுதியானது. அதற்குள் வலி தொடங்கிப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்து நடந்தது மருத்துவ வரலாற்றில் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட இதயநோய் மருத்துவர் பால் டட்லி வைட் செய்தியாளர்களை உட்காரவைத்து, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் என்ன ஆகும், பாதிக்கப்பட்ட தசை ஆற எவ்வளவு காலம் பிடிக்கும் என்று நிதானமாக விளக்கினார். மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று பலரும் நம்பிய காலம் அது. ஐசனோவர் தேறி வந்தார், அடுத்த ஆண்டு தேர்தலில் மீண்டும் வென்றார், 1969 வரை வாழ்ந்தார்.

ஒரு நாட்டின் தலைவருக்கே, கூடவே மருத்துவர் இருந்தும், நெஞ்சுவலி வயிற்றுக் கோளாறாகத் தோன்றியது என்றால், இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு அது எப்படித் தோன்றும்? இதயநோய் மருத்துவர்கள், பொதுநல மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சேர்ந்து மக்களிடையே இதயநலம் பற்றிப் பேசிவரும் இந்த அமைப்பு, அந்தக் கேள்விக்குத் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவிக்கிறது. முப்பது வயதைக் கடந்த எவருக்கும், புதிதாக வந்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் நெஞ்சுவலியையோ மேல்வயிற்று வலியையோ, இசிஜி எடுத்துப் பார்க்காமல் வாயு என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. குடும்பத்தாரும் மருந்துக்கடைக்காரரும் மட்டுமல்ல, மருத்துவரும் கூடாது. கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் பதினைந்து நிமிடம் காத்திருக்கவும் வேண்டாம். வயதையும் பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டு வீடுகளில் நெஞ்சில் ஏதாவது செய்தால் முதலில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓமத் தண்ணீர் கொதிக்கும். சோடா வரும். யாராவது முதுகை நீவிவிடுவார்கள். பக்கத்து மருந்துக்கடையிலிருந்து கேஸ் மாத்திரை வரும். ஏப்பம் வந்து கொஞ்சம் லேசானது போலிருந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைத்துவிடுவார்கள். இதில் அக்கறைக்குக் குறைவில்லை. எல்லாமே அன்பாகச் செய்யப்படுகிறது. அதனாலேயே இதை மாற்றுவது கடினமாகவும் இருக்கிறது. நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்பி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கிறது, பெண்களுக்கு அது இன்னும் அதிகம்.

இந்தக் காத்திருப்பின் விலை கணக்கிடப்பட்டிருக்கிறது. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்த கிரியேட் ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வந்துசேர ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். அதாவது, பாதிப்பேருக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருக்கிறது. வந்த பிறகு ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து தரப்பட ஆன நேரமோ 50 நிமிடம். பெரிய தாமதம் மருத்துவமனைக்கு வெளியே நடந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

இதயம் வலிப்பதை வயிறு வலிப்பதாக மூளை ஏன் எடுத்துக்கொள்கிறது? இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நுழைகின்றன. தோலில் முள் குத்தினால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் மூளைக்கு, உள்ளுறுப்பு வலியில் அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை. அதனால்தான் இதயத்தின் வலி தாடையில், இடது தோளில், இரண்டு கைகளிலும், முதுகில், மேல்வயிற்றில் என்று எங்கெங்கோ தெரிகிறது. இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது; அதற்கு நேர்கீழே வயிறு. அந்தச் சுவருக்கு ரத்தம் போவது நின்றால் குமட்டலும் வாந்தியும் வருவது சாதாரணம். வாந்தி வந்துவிட்டதே, அப்படியானால் வயிற்றுக் கோளாறுதான் என்று வீட்டார் ஆறுதல் அடையும் அதே அறிகுறியை அவசரப் பிரிவு மருத்துவர் கவலையோடு பார்க்கிறார்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு நரம்புகள் பழுதுபட்டு, வலியே தெரியாமல் வெறும் மூச்சுவாங்கலும் களைப்பும் மட்டும் வரலாம். முதியவர்களுக்கும் அப்படித்தான். பெண்களுக்கும் நெஞ்சுவலியே பொதுவான அறிகுறி என்றாலும், கூடவே முதுகுவலி, தாடைவலி, குமட்டல், இனம்புரியாத அசதி ஆகியவை வரும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். சினிமாவில் இடது மார்பை இறுகப் பிடித்துக்கொண்டு சரியும் அப்பாவைப் பார்த்துப் பார்த்து, மாரடைப்பு என்றால் அதுதான் என்று ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டது. விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் அதையே வரைகின்றன. அந்தப் படத்துக்குப் பொருந்தாதவர்களின் நேரம்தான் வீணாகிறது.

கேஸ் மாத்திரை போட்டதும் வலி குறைந்தால் அது வாயுதான் என்று பலர் நம்புகிறார்கள். அது சோதனை ஆகாது. மாரடைப்பு வலியே கூடிக் குறைந்து வரக்கூடியது. அது தானாகத் தணிந்த நேரமும் மாத்திரை விழுங்கிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் பழி வயிற்றின் மேல் விழுகிறது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால், அதற்கு அப்பால் உள்ள தசை ஒரேயடியாக இறப்பதில்லை. உள்அடுக்கில் தொடங்கி வெளிநோக்கிப் பரவுகிறது. ரைமர், ஜென்னிங்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நாய்களிடம் நடத்திய சோதனைகளின் முடிவை 1977இல் வெளியிட்டார்கள். குழாயை 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது, ஆபத்துக்குள்ளான தசையில் ஏறக்குறைய 38 விழுக்காடு இறந்திருந்தது. 3 மணி நேரத்தில் அது 57 விழுக்காடாகவும் 6 மணி நேரத்தில் 71 விழுக்காடாகவும் ஏறியது. மனித உடலில் எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், போக்கு மாறாது. ஓமத் தண்ணீர் கொதித்து, ஆறி, குடித்து, பலன் தெரியக் காத்திருக்கும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

இசிஜி என்பது இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவி. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முதல் இயந்திரம் ஏறக்குறைய 270 கிலோ எடை. நோயாளியை அதனிடம் கொண்டுவர முடியாததால், 1905இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்துடிப்பை அனுப்பிப் பதிவுசெய்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கருவி ஒரு கைப்பைக்குள் அடங்குகிறது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் அது எல்லாம் அறிந்த கருவி அல்ல, அதையும் மக்களிடம் சொல்லியாக வேண்டும். மாரடைப்பு இருந்தும் முதல் இசிஜி இயல்பாக வரலாம். வலி தொடர்ந்தால் சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இதயத்தசை சிதைவதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டியும் வரலாம். வலி இருக்கும்போதே, ஒரே ஒரு இசிஜியைப் பார்த்துவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை இந்த அமைப்பு ஏற்கவில்லை. வந்த பத்து நிமிடத்துக்குள் முதல் இசிஜி என்று உலக வழிகாட்டுதல்கள் சொல்வது பெரிய தனியார் மருத்துவமனைக்கு மட்டுமான விதி அல்ல.

தமிழ்நாட்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய திட்டத்தில், சிறிய மருத்துவமனைகள் பெரிய இதய மையங்களோடு நான்கு தொகுதிகளாக இணைக்கப்பட்டன. சிறிய இடத்தில் இசிஜி எடுத்து அனுப்புவது, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவது, பிறகு ஆஞ்சியோகிராமுக்குப் பெரிய மையத்துக்கு மாற்றுவது என்பது முறை. 2,420 நோயாளிகளின் விவரம் 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 17.6 விழுக்காடு, பின் 14.2 விழுக்காடு. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கிறார்கள். 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் கொண்ட அவசர மருந்துத் தொகுப்பு வைக்கப்பட்டது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8.

அந்த இரண்டு ஆஸ்பிரினுக்குப் பின்னால் பெரிய சான்று இருக்கிறது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் நோயால் நேர்ந்த இறப்பு 23 விழுக்காடு குறைந்தது. கட்டைக் கரைக்கும் மருந்தும் சேர்ந்தபோது 42 விழுக்காடு. அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. நோயாளிகளை மேற்கத்திய முறையில் பிறந்த தேதிப்படி ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்தால், மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று கணக்கு வந்தது! சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்தால் தற்செயல்கூட உண்மைபோல் தோன்றும் என்று காட்டவே ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். சோடா குடித்ததும் மாமாவுக்குச் சரியாகிவிட்டது என்ற ஒற்றை அனுபவத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் இன்னொரு யோசனை, தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்பது. இதன் மூலம் 1976இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை. இதயக் குழாய்ப் பரிசோதனை அறையில், மானிட்டர் பார்வையில், மருத்துவர் பக்கத்தில் நிற்க, துடிப்பு தடுமாறிய நொடியில் இருமச் சொல்லப்பட்ட சிலரின் அனுபவம் அது. வீட்டில் நெஞ்சுவலியோடு இருப்பவருக்கு அது பொருந்தாது. அமெரிக்க இதயச் சங்கமும் பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. இருமும் நேரத்தில் 108ஐ அழைத்துவிட்டு, கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்து உட்காருவது மேல். நினைவிழந்து, மூச்சுவிடாமல் விழுந்துவிட்டவருக்கு வேண்டியது மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தும் இரண்டு கைகள்.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. நெஞ்சுவலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதயக் கோளாறு இருப்பதில்லை. நெஞ்செரிச்சல், தசைப்பிடிப்பு, பதற்றம் என்று காரணங்கள் பல. எல்லோரும் ஓடிவந்தால் அவசரப் பிரிவு தாங்குமா என்று மருத்துவ நண்பர்களே கேட்கிறார்கள். சில நிமிடமும் ஒரு தாளும் செலவாகும் பரிசோதனை பத்துப் பேருக்கு இயல்பாக வந்தாலும் அது வீண் அல்ல என்பதே அமைப்பின் பதில். ஆனால் இந்தப் பயத்தைக் காட்டி, எந்த அறிகுறியும் இல்லாதவர்களைச் சலுகை விலை ஆஞ்சியோகிராமுக்கு அழைக்கும் விளம்பரங்களை அமைப்பு கடுமையாக எதிர்க்கிறது. வலி உள்ளவரிடம் அலட்சியம், வலி இல்லாதவரிடம் வியாபாரம் என்ற நிலை மாற வேண்டும்.

மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை கேட்பவரிடம் வலி எப்போது தொடங்கியது, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா என்று கேட்க அரை நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் மாத்திரை தராமல் 108ஐ அழைத்துத் தருவதுதான் மருந்தாளுநரின் தொழில்தர்மம். இசிஜி இல்லாத கிளினிக் நடத்தும் மருத்துவர், இருக்கும் இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். ஊசி போட்டுப் பார்ப்போம் என்று வைத்திருக்கக் கூடாது. வீட்டார் நோயாளியை மாடிப்படி இறக்கி நடக்கவைப்பதும், பைக்கின் பின்னால் உட்காரவைப்பதும், அவரையே வண்டி ஓட்டவிடுவதும் ஆபத்து. ஆஸ்பிரினை 108 ஊழியரோ மருத்துவரோ சொன்னால் மென்று விழுங்கலாம். ஒவ்வாமை உள்ளவர்களும் வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்களும் தாங்களாக எடுக்கக் கூடாது. மாரடைப்பு வராமலிருக்கத் தினமும் ஒன்று என்று மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்வது வேறு விஷயம், அது நன்மையைவிடத் தீமை செய்யக்கூடும்.

வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தவரிடம் மருத்துவமனை நடந்துகொள்ளும் விதத்தையும் இந்த அமைப்பு நிலைப்பாட்டின் பகுதியாகவே கருதுகிறது. இதற்கா இந்த நேரத்தில் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் குடும்பத்தில் அடுத்தவருக்கு வலி வரும்போது யாரும் கிளம்ப மாட்டார்கள். வந்தது சரி, மறுபடி இப்படி இருந்தால் மறுபடி வாருங்கள் என்று சொல்லி, எடுத்த இசிஜியின் நகலையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அடுத்த முறை எடுக்கும் இசிஜியில் எது புதிது, எது பழையது என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய தாள் உதவும்.